ராணுவச் செலவு நாட்டை வளர்க்குமா?

"ராணுவத்துக்குச் செலவு செய்தால் பொருளாதாரமும் சேர்ந்து வளரும்" என்ற வாதம் மறுபடி மறுபடி கிளம்புகிறது. இதற்கு ஒரு பழைய ஆதாரமும் உண்டு. வளரும் நாடுகள் 44ஐ எடுத்து ஆராய்ந்த பொருளாதார அறிஞர் எமில் பெனாய்ட், பாதுகாப்புக்கு அதிகம் செலவழித்த நாடுகளே பொதுவாக வேகமாக வளர்ந்தன என்று 1973இல் எழுதினார். ஆனால் அந்த நாடுகளில் பலவற்றுக்கு வெளிநாட்டு உதவியும் தாராளமாக வந்துகொண்டிருந்தது. வளர்ச்சி துப்பாக்கியால் வந்ததா, உதவிப் பணத்தால் வந்ததா? அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

சரி, இணையமும் ஜிபிஎஸ்ஸும் ராணுவப் பணத்தில் பிறந்தவைதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே பலன் தந்தது ஆராய்ச்சிக்குப் போன பணம். வெளிநாட்டிலிருந்து டாங்கி வாங்கும் ஏழை நாட்டுக்கு அது கிடைக்காது. அந்நியச் செலாவணி போகும், கடன் ஏறும், அப்புறம் உதிரிபாகத்துக்கும் அதே கம்பெனியிடம்தான் கையேந்த வேண்டும்.

மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகாவைப் பாருங்கள். 1948 டிசம்பர் 1 அன்று, அப்போது அந்நாட்டை ஆண்ட ஹோசே ஃபிகேரஸ் ஒரு ராணுவ முகாமின் சுவரைச் சுத்தியலால் அடித்து, ராணுவத்தையே கலைப்பதாக அறிவித்தார். அந்தக் கட்டடம் இன்று தேசிய அருங்காட்சியகம். மிச்சமான பணம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போனது. எல்லையில் பகை உள்ள நாடு இதை அப்படியே செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். பாதுகாப்புக்குத் தேவை என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லியே பணம் கேளுங்கள். வளர்ச்சியின் பெயரால் கேட்காதீர்கள்.