கோத்தகிரி, மழை நாட்கள்

நவம்பர் 4
இன்றும் அண்ணன் மகள் பாப்பாவின் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

நவம்பர் 5
விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை என்றதும் பாப்பா போர்வைக்குள் போய் மத்தியானம்வரை தூங்கினாள். நேற்று இரவு 2 மணிக்குக்கூட அவள் அறையில் விளக்கு எரிந்தது.

நவம்பர் 8
திருப்பூரிலிருந்து அண்ணன் பேசினார். முதல் கேள்வியே மார்க். பிறகு அண்ணி தனியாகக் கூப்பிட்டு அவரைப் பற்றிக் கொட்டித் தீர்த்தாள். பாப்பா பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். “அப்பாகிட்ட சொல்லு”, “அம்மாகிட்ட சொல்லு” என்று அந்த வீட்டில் இத்தனை நாள் தூது போனவள் இவள்தானே.

நவம்பர் 11
சொல்லிவிட்டாள். விளக்கணைத்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

எப்போதும் சேர்ந்து சாப்பிடும் பிள்ளைகள் இவளை விட்டுவிட்டு வேறு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள். காரணம் தெரியாது. மத்தியானம் இவள் போய் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்களாம். அதனால் மணி அடிக்கும்வரை குழாய்ப் பக்கம் நிற்கிறாளாம், கை கழுவுகிற மாதிரி. எத்தனை முறைதான் கை கழுவுவது?

போனைப் பிடுங்கிவை என்கிறார் அண்ணன். பிடுங்கலாம். அந்த மத்தியானத்தை என்ன செய்வது? என்ன சாப்பிட்டாய், எவ்வளவு மார்க் என்று எல்லோரும் கேட்கிறோம். யாரோடு சாப்பிட்டாய் என்று அவளை யாராவது கேட்டார்களா?

எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

நவம்பர் 13
ஊட்டி போய் டாக்டரைப் பார்த்தோம். நிதானமான மனுஷி. தூக்கம், சாப்பாடு, எரிச்சல் எல்லாம் விசாரித்தார். இந்த வயதில் மனச்சோர்வு பல பிள்ளைகளிடம் அழுகையாக வராதாம், கோபமாக வருமாம். மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்றார். பாப்பாவுக்கு இப்போது 14.

செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்று நேராகவே கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும் என்று பிறகு விளக்கினார். “சில நேரம்” என்றாள் பாப்பா. சில நேரம்.

மனசு விட்டு யாரிடம் பேசுவாய் என்றதற்கு ஆத்தாவைச் சொன்னாள், என் அம்மாவை. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

அடுத்த முறை அப்பா, அம்மா இருவரும் வர வேண்டுமாம். இரவில் அவசரம் என்றால் கூப்பிட அரசின் மனநல உதவி மையமான டெலி மனாஸ் எண் தந்தார், 14416. தமிழிலேயே பேசலாம். காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15
வகுப்பு டீச்சர்: “பொண்ணுங்க சண்டைதானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்.” வீடுவரை பொருமிக்கொண்டே நடந்தேன். ஒரு பிள்ளையை ஒதுக்கிவைப்பது சண்டையா? அடித்திருந்தால் விசாரித்திருப்பார்கள்.

நவம்பர் 18
பஸ்ஸில் கூட வரும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி இன்று இவளோடு உட்கார்ந்து சாப்பிட்டாளாம். அவளுக்கும் சேர்த்து நாளைக்கு எலுமிச்சை சாதம் கட்டித் தரச் சொல்கிறாள்.

நவம்பர் 19
மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடவில்லை.

நவம்பர் 21
சனிக்கிழமை இருவரும் வருகிறார்கள், தனித்தனி பஸ்ஸில். மார்க் பேச்சை எடுக்கவே கூடாது என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். “அப்போ என்னதான் பேசறது?” என்றார். பாவம், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.