மாலத்தீவில் நாங்கள் இழந்த முதல் இரவு

மாலே விமான நிலையத்தில், எங்கள் ரிசார்ட்டுக்குப் போகும் கடல் விமானத்துக்கான கவுன்ட்டர் முன்னால் நாங்கள் நின்றபோது மணி 4.50. அப்பாவின் கைக்கடிகாரத்தில் 5.20, அங்கே நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். "இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேம்மா" என்றார் அப்பா. கவுன்ட்டரில் இருந்தவர் எங்கள் வவுச்சரைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், "நாளைக் காலை" என்றார்.

கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். விமானி கண்ணால் பார்த்து ஓட்டி, கண்ணால் பார்த்துத் தண்ணீரில் இறக்க வேண்டும். கடலில் ஓடுபாதை விளக்கு கிடையாது. பொழுது சாய்வதற்குள் கடைசி விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், மாலேயில் பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு இறங்குகிறவர்களுக்கு அன்றைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். எங்கள் ஏஜென்ட் எங்களுக்குப் போட்டுக்கொடுத்தது 4.05-க்கு இறங்கும் விமானம். போன் செய்தால், "ரிசார்ட்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்" என்கிறார். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக இரண்டு வருடம் சேர்த்த பணம் அது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதற்கு முன்பே ஒரு தடங்கல். சுங்கச் சோதனையில் அம்மாவின் பை ஸ்கேனரில் நின்றது. உள்ளே, எங்கே போனாலும் அவர் கூடவே எடுத்துப்போகும் பித்தளைப் பிள்ளையார், கட்டை விரல் உயரம். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. மது பாட்டில், பன்றி இறைச்சி பற்றியெல்லாம் வீட்டில் எச்சரித்த நான், பிள்ளையாரை நினைக்கவே இல்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சிலையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார், திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம் என்றார். அம்மா எதுவும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றிரவு ஹுல்ஹுமாலேயில் 85 டாலருக்கு ஓர் அறை. விமான நிலையத்திலிருந்து டாக்சியில் கொஞ்ச தூரம்தான். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் திரும்பி வராது என்று மின்னஞ்சலில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ரிசார்ட் பா அட்டோல் என்ற பவளத் தீவுக் கூட்டத்தில். அதே அட்டோலில் தரவந்தூ என்ற தீவில் உள்நாட்டு விமான நிலையம் இருக்கிறது. சாதாரண விமானத்தில் அங்கே இறங்கி ஸ்பீட் போட்டில் போகலாம். அந்த விமானம் இருட்டிய பிறகும் ஓடும். இதை எனக்குச் சொன்னது ஹுல்ஹுமாலே விடுதிப் பையன்! மாலையில் இறங்குவதைத் தவிர வழியில்லை என்றால், ரிசார்ட்டிடம் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் மாலேக்குப் பக்கத்தில், ஸ்பீட் போட் போகும் தூரத்தில் ரிசார்ட் பாருங்கள். விமான டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியது இது.

விசா தொந்தரவு இல்லை, வந்திறங்கியதும் முத்திரை. இமுகா என்ற பயணி விவரப் படிவத்தை இணையத்தில், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆளுக்கொன்றாக நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் அதே போல. அது இலவசம், கட்டணம் கேட்கும் தளங்கள் வேறு யாருடையவோ, பக்கத்திலேயே போகாதீர்கள்.

மறுநாள் காலை அந்த முப்பத்தைந்து நிமிடப் பறப்பு. விமானி வெறுங்காலோடு ஓட்டினார். கீழே பச்சை வளையம் வளையமாகத் தீவுகள். அம்மா முதல் முறையாக என் கையைப் பிடித்தார்.

அறை வாடகை என்று இணையத்தில் காட்டுவதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், அது போக ரிசார்ட்டில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் எழுத்தில் வாங்கியிருந்த வவுச்சர்தான் கடைசியில் உதவியது. காலை உணவும் இரவு உணவும் எங்கள் கட்டணத்தில் சேர்ந்தவை. "முதல் நாள் இரவுச் சாப்பாடு மூன்று பேருக்கு நாங்கள் சாப்பிடவே இல்லையே" என்று வரவேற்பறையில் காகிதத்தைக் காட்டிக் கேட்டேன். மேலாளர் யோசித்துவிட்டு, கிளம்பும் நாள் மதியச் சாப்பாட்டைத் தந்தார். இழந்த பணத்தில் அது சிறு துளிதான். ஆனாலும் அன்றைக்கு அந்த மீன் குழம்பை நான் ரசித்துச் சாப்பிட்டேன்.

திரும்பும் கடல் விமானம் எத்தனை மணிக்கு என்று முந்தின நாள் மாலைதான் சொல்வார்கள். எங்களுக்கு 1.40 கிடைத்தது, ஊர் விமானம் இரவு எட்டுக்கு. அவ்வளவு இடைவெளி இருந்தது நல்லதாகப் போயிற்று. சிலையை எங்கே வாங்குவது என்று மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது, அதற்கே முக்கால் மணி நேரம். ரசீதைக் கொடுத்ததும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அம்மா உறையைப் பிரித்துத் தும்பிக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.