கடவுச்சீட்டில் ஒரு பிழைக்குறி

நவம்பர் 7, 2025, ஸ்காபரோ

நியூ ஜெர்சியில் இருந்து மச்சாள் போன் எடுத்தாள். வழக்கு முடியும்வரை ட்ரம்ப் அரசு தன் விதியை நடைமுறைப்படுத்தலாம் என்று நேற்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி அங்கே எடுக்கும் கடவுச்சீட்டில் பிறந்தபோது எழுதிய பாலினம்தான்; ஆண், பெண் இரண்டும் பொருந்தாதவர்களுக்கான எக்ஸ் (X) கிடையாது. 2022 ஏப்ரலில் இருந்துதான் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். நான்கு வருடம்கூட நிலைக்கவில்லை.

"உனக்கென்ன, நீ கனடாதானே" என்றாள். சரிதான். ஆனால் பயணம் என்றாலே அடுத்தவன் வாசலில் போய் நிற்பதுதானே.

நவம்பர் 10

என் புதுக் கடவுச்சீட்டு தபாலில் வந்தது, பாலினம் எக்ஸ். 2017-இல் இங்கே தொடங்கியபோது உள்ளே ஒரு குறிப்பு மட்டும்தான். 2019-இல் இருந்து எழுத்தையே அச்சடிக்கிறார்கள். டாக்டர் கடிதம் எதுவும் கேட்கவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உதென்ன, வாத்தியார் பிழை போட்டமாதிரிக் கிடக்கு?"

எனக்குப் பிடித்தது அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள். இரண்டாம் வரியில் 21-ஆவது இடம் பாலினத்துக்கு. பென்சில் நுனியால் எண்ணிப் பார்த்தேன்: அங்கே < என்ற குறி. மேல்வரியில் என் பெயர் முடிந்த பிறகு மிச்ச இடத்தை நிரப்பியிருப்பதும் அதே குறிதான். சர்வதேச விதி அப்படி. மேலே எக்ஸ் என்றால் கீழே இது. இயந்திரம் அதைக் காலி இடம் என்று படித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும்.

நவம்பர் 15

ஜனவரியில் அம்மம்மாவுக்கு எண்பது. திருச்சியில் எல்லோரும் கூடுகிறோம். டிக்கெட் போடும் அண்ணை துபாய் வழியாகப் போனால் மலிவு என்றார். அமீரகம் எக்ஸ் உள்ளவர்களை நாட்டுக்குள் விடுவதில்லை. விமானம் ரத்தாகி ஹோட்டலில் தங்கச் சொன்னால் நான் எங்கே போக? பிராங்க்பர்ட் வழி போடச் சொன்னேன்.

"மிஸ்டரோ மிஸ்ஸோ?"

விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் 2019-இலேயே எக்ஸுக்கு இடம் வைத்துவிட்டது. அண்ணையின் திரைக்கு இன்னும் சேதி போகவில்லை. "சும்மா ஒண்டைப் போடுவம்" என்றார். டிக்கெட்டும் கடவுச்சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் அவதிப்படுவது நான். கடைசியில் விமான நிறுவனத்துக்கே போன் போட்டார். நாற்பது நிமிடம் ஒரே வாத்திய இசை. நடுவில் எனக்குத் தேநீரும் ஊற்றித் தந்தார், பாவம்.

நவம்பர் 22

இந்திய விசாப் படிவம். ஆண், பெண், திருநர் என்று மூன்று கட்டங்கள்.

மூன்றாவதில் கை வைக்கத் தயங்கினேன். எக்ஸ் என்றால் 'குறிப்பிடவில்லை' என்பதுதான் பொருள், இது அப்படியல்ல. திருநங்கைகள் அடியும் ஏச்சும் வாங்கி, 2014-இல் உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பெற்ற அங்கீகாரத்தில் நான் போய் உட்கார்வதா? பிறகு 2019-ஆம் வருடச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். 'அரவாணி' என்ற நம் சொல் ஆங்கில எழுத்தில் அப்படியே இருக்கிறது. அதே விளக்கத்தில் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களும் சேர்ந்திருந்தார்கள். சரி என்று அழுத்தினேன்.

ஜனவரி 9, 2026, திருச்சி

விசா பிரச்சினையில்லாமல் கிடைத்தது. குடிவரவில் அதிகாரி முகத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். இவ்வளவு பயந்தது இதற்கா என்றிருந்தது.

உள்நாட்டு விமானத்துக்கான சோதனையில்தான் சிக்கினேன். ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்குத் திரை போட்ட கூண்டு. கடவுச்சீட்டை அங்கே யாரும் கேட்கவில்லை. என் தலைமுடியைப் பார்த்து ஒருவர் "இந்தப் பக்கம் தம்பி" என்றார். குரலைக் கேட்டதும் "அந்தப் பக்கம்மா" என்றார். இரண்டுக்கும் நடுவில், செருப்பில்லாமல், இடுப்புப் பட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். கடைசியில் கூண்டுக்குள் இருந்த காவலர் அம்மா திரையை விலக்கி, "உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சேர இரவு பத்தாகிவிட்டது. அம்மம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. என் கையைத் தடவிக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார்:

"பிள்ளை வந்திட்டுது. சாப்பிட்டுதோ?"