குடலுக்கும் சேர்த்துச் சமைத்த மாதங்கள்

சுகாதாரப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு எனக்கு 6.3 விழுக்காடு வந்தது. சிங்கப்பூரில் 6.1 முதல் 6.9 வரை வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. வெறும் வயிற்றில் மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு, நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றார் பலதுறை மருந்தக மருத்துவர். உடல் எடைக் குறியீடு 27. இங்கே 23-இலிருந்தே அபாயம் தொடங்குவதாகக் கணக்கு, 27.5-ஐத் தொட்டால் அதிக அபாயம். நீரிழிவால் என் அப்பா கால்விரலை இழந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உணவியல் நிபுணரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னதும் நாளைக் குறித்துக்கொண்டேன்.

காத்திருந்த வாரங்களில் குடல் நுண்ணுயிர்களைப் பற்றி நிறையப் படித்தேன். நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை பெருங்குடலில். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் ஈர்த்தது. இரட்டையரில் ஒருவர் பருமன், மற்றவர் ஒல்லி. இருவருடைய குடல் நுண்ணுயிர்களையும், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்தார்கள். பருமனானவரின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளின் உடலில் கொழுப்பு கூடியது. பிறகு இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றன் எச்சத்தை மற்றொன்று தின்னும். அந்த வழியில் ஒல்லியானவரின் நுண்ணுயிர்கள் மற்ற எலிகளின் குடலில் குடியேறி, கொழுப்பு சேர்வதைத் தடுத்தன. ஆனால் கொழுப்பு குறைந்து நார்ச்சத்து மிகுந்த தீனி கொடுத்தபோதுதான் அது நடந்தது. கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த தீனி கொடுத்தபோது அவற்றால் குடியேற முடியவில்லை.

இதைப் படித்த பிறகு, நல்ல பாக்டீரியாக்களை அடைத்து விற்கும் புரோபயாட்டிக் மாத்திரைப் புட்டிகளின் மீது எனக்கிருந்த ஆசை போய்விட்டது. விருந்தாளியை அழைத்துவிட்டு இலை போடாமல் இருப்பதால் என்ன பயன்? மலத்தை அனுப்பி நுண்ணுயிர்களைக் கணக்கெடுக்கும் தனியார் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று உணவியல் நிபுணரிடம் கேட்டேன். அந்த அறிக்கையை வைத்து எடைக்குச் சிகிச்சை தீர்மானிக்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் இல்லை, அந்தப் பணத்துக்குப் பருப்பும் காயும் வாங்குங்கள் என்றார். என் கேள்வியைத் தள்ளிவிடாமல் அவர் பொறுமையாக விளக்கியதை நன்றியோடு சொல்கிறேன்.

நான் எழுதிவைத்திருந்த உணவுக் குறிப்பை வரி வரியாகப் பார்த்தார். காலையில் பிராட்டா, மதியம் உணவங்காடி நிலையத்தில் கோழிச் சோறு, மாலையில் இனிப்பான பால் தேநீரான தே தாரேக், இரவு வெள்ளைச் சோறும் தண்ணீராய் ஓடும் சாம்பாரும். பெண்களுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் நார்ச்சத்து வேண்டும். நான் அதில் பாதியைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். நாம் செரிக்க முடியாத நாரைத்தான் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முக்கிய எரிபொருள். பசியைத் தணிக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் சுரக்கவும் இந்த அமிலங்கள் தூண்டுகின்றன. எடை குறைப்பு ஊசிகள் பின்பற்றுவது அதே ஹார்மோனைத்தான் என்றாலும், ஊசியின் வலிமையை உணவிடம் எதிர்பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அவர் அழுத்திச் சொன்னது, நாரை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள் என்பதை. முதலில் சோற்றில் பாதியைப் பழுப்பரிசியாக்கினேன். "இதென்ன, நோயாளிக்குப் போடுகிற சோறா?" என்று அம்மா வருத்தப்பட்டார். அடுத்து, சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக்கினேன். ஒரு கோப்பை வெந்த பருப்பில் சுமார் 15 கிராம் நார் இருக்கிறது. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, அவரைக்காய், வாழைப்பூ வாங்கினேன். கொண்டைக்கடலை சேர்த்த வாரங்களில் வயிறு உப்பி, அலுவலகத்தில் உட்காரவே சங்கடமாக இருந்தது. இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தேன். அளவைக் குறைத்து, தண்ணீர் அதிகம் குடித்தேன். மெல்ல மெல்ல அடங்கியது. இந்தக் கட்டத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

தயிரைத் தினமும் சேர்த்துக்கொண்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பத்து வாரம் உணவை மாற்றினார்கள். தயிர், கொரியர்களின் காய்கறி ஊறுகாயான கிம்ச்சி போன்ற நொதித்த உணவு உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டிய குழுவில் வகைகள் அப்படிப் பெருகவில்லை. அதனால் எனக்கு இரண்டும் வேண்டும் என்று தோன்றியது. இட்லி மாவும் நொதித்ததுதானே என்று அம்மா கேட்டார். நொதித்ததுதான், ஆனால் ஆவியில் வேகும்போது அந்த உயிர்கள் இறந்துவிடுகின்றன. தயிரில் அவை உயிரோடு நம்மிடம் வருகின்றன.

தே தாரேக்கின் இடத்தில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். இரவு உணவுக்குப் பிறகு ஈசூன் குளத்தைச் சுற்றி நடை.

மறுபரிசோதனையில் எச்பிஏ1சி 5.9. எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. இதில் பருப்பின் பங்கு எவ்வளவு, சர்க்கரையை விட்டதன் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நுண்ணுயிர்களே எடையைக் குறைத்தன என்றும் சொல்ல மாட்டேன். மலச்சிக்கல் தீர்ந்ததும், மாலை நான்கு மணிக்கு வரும் அந்தப் பெரும்பசி போனதும் எனக்கு உறுதியாகத் தெரியும். எடை இறங்குவதற்கு வெகுமுன்பே அவை நடந்தன.

இப்போது ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இதே வழியில் போக விரும்புவோர் ஏற்கெனவே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், சோற்றைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; மருந்தின் அளவையும் அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.