வேதபுரீஸ்வரர் சந்நிதியில் வெள்ளைக்காரர்கள்

வேதபுரீஸ்வரரைத் தரிசிக்கப் புதுச்சேரி போகிறவர்கள் நேராகக் காந்தி வீதிக்குப் போய்விடாமல், முதலில் மிஷன் வீதியில் மாதா கோயில் எதிரே சற்று நேரம் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. ஈசுவரன் முன்பு குடியிருந்தது அந்தப் பக்கம்தான். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் ஆட்கள் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். பாதிரிமார்களின் நெடுநாள் ஆசை அது. கவர்னரின் மனைவியும் பக்கபலம். கவர்னரின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை மனம் நொந்து தம் நாட்குறிப்பில் அதை எழுதிவைத்திருக்கிறார். இன்று நாம் கும்பிடுகிற கோயில் பிற்பாடு வேறிடத்தில் எழுந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1760இல், இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரி, பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரிடம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். பெயர் ‘எசூர் வேதம்’. பழைய இந்திய ஞானம் கையில் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போன வால்டேர், மறு ஆண்டே அதை அரச நூலகத்தில் சேர்த்தார். கடைசியில் பார்த்தால் அது வேதமே அல்ல. விக்கிரக வழிபாட்டைக் கண்டிப்பதற்காகப் பாதிரிமார்கள் வேதத்தின் பெயரில் கட்டிய நூல். திருக்குறளுக்கு உரை எழுதிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், புதுச்சேரியில் பாதிரிமார்களிடம் இருந்த ஏடுகளைப் பார்த்து எழுதிய கட்டுரை 1822இல் வெளியாகி அந்தக் குட்டை உடைத்தது. வேதபுரியில் சிவன் கோயிலை இடித்தவர்களின் கூடாரத்திலிருந்தே ஒரு போலி வேதம் கப்பலேறியிருக்கிறது; ஐரோப்பாவின் பெரிய மூளை ஒன்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறது. சிரித்தே முப்புரத்தை எரித்தவர் இதற்கும் சிரித்திருப்பார்.

கப்பல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1910 ஏப்ரல் 4ஆம் தேதி அரவிந்தர் இந்த ஊரில் வந்து இறங்கிய கப்பலின் பெயர் துய்ப்ளேக்ஸ். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கேம்பிரிட்ஜில் படித்து, திரும்பி வந்த பிறகு வேதத்தைத் தேடிப் பிடித்தவர் அவர். பாரிசில் பிறந்த மிர்ரா, நான்கு ஆண்டுகள் கழித்து இங்கே வந்து அவரைச் சந்தித்தார். 1920இல் மறுபடி வந்தவர் 1973இல் மறையும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. ஊர் அவரை அன்னை என்கிறது.

அன்று அரவிந்தர் ஆசிரமத்தில் அவ்வளவாகக் கூட்டமில்லை. மரத்தடியில் சலவைக்கல் சமாதி. அதன்மேல் மலர்களைக் கோலம்போல் அடுக்கியிருந்தார்கள். வெளிநாட்டவர் சிலர் சுவரோரம் அசையாமல் அமர்ந்திருந்தார்கள். நம்மவர்கள் வந்தார்கள், கல்லில் நெற்றியை வைத்தார்கள், நகர்ந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். குங்குமம் எங்கே தருவார்கள் என்று என்னிடம் கிசுகிசுக்க, அங்கிருந்த தொண்டர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

ஆரோவில்லுக்கு இந்த முறை போகவில்லை. 1968இல் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய இடம் அது. அங்கே மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தின் பொன் உருண்டைக்குள் சிலையும் இல்லை, பூவும் இல்லை, ஊதுவத்தியும் இல்லை. அழகுதான். எனக்கு எண்ணெய்ப் பிசுக்கில்லாத இடத்தில் சாமி கும்பிட்ட மாதிரியே இருப்பதில்லை.

அந்தப் பிசுக்கு மாலையில் வேதபுரீஸ்வரர் கோயிலில் தாராளமாகக் கிடைத்தது. பிரதோஷம். நந்தியைச் சுற்றி நெரிசல். பாலும் தயிரும் வழிந்து, இளநீர் தெறித்து, தரையெல்லாம் வழுக்கியது. அபிஷேகம் முடிந்து அறுகம்புல் மாலை சாற்றியபோது, நந்தியின் கறுத்த முதுகில் சந்தனம் இன்னும் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பிராகாரத்தின் நட்டநடுவில் பத்மாசனம் போட்டுக் கண்ணை மூடியிருந்தார். ரிஷப வாகனத்தில் சுவாமி புறப்பாடு அந்த வழியாகத்தான் வர வேண்டும். நாகசுரம் நெருங்கியும் அவர் அசையவில்லை. “சாமி வருகிறது, எழுந்திரு தம்பி!” என்று தோளைத் தட்டி எழுப்பினார் ஒரு பாட்டி. அதோடு விடாமல், பக்கத்தில் மிரண்டு நின்ற அவர் மனைவியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், “இந்தக் கொம்புக்கு நடுவில் பார் கண்ணு” என்று குனியவைத்தார். இருவர் கையிலும் காப்பரிசி விழுந்தது. வெல்லம் விரலில் ஒட்டிக்கொள்ள, அந்தப் பெண் அதை அங்கேயே நக்கித் தீர்த்தார். மேற்கத்தியருக்கு நம் ஆன்மிகத்தின்மேல் உள்ள மோகத்தை விமரிசிக்கிற நம்மவர்கள், இப்படி நெரிசலில் வந்து நிற்பதில் பாதியாவது நின்றிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

கூட்டம் கலைந்தபின், நந்திக்கு ஏன் முதலில் அபிஷேகம் என்று அந்தத் தாடிக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். குருக்களிடம் கேட்டுச் சொன்னேன். பதில் சொல்லி முடித்த குருக்கள், “இவர் இங்கே என்னிடம் கேட்கிறார். இவர் ஊர்க்காரர்களிடம் எங்கள் தாத்தாவின் கட்டே இருக்கிறது” என்றார். கட்டு என்றால், கோயில் பூசை முறைகளைச் சொல்லும் ஆகமச் சுவடிக் கட்டு. 1955இல் இங்கே ழான் ஃபிலியோசா தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில் கோயிலாக, குருக்கள் வீடு வீடாகப் போய் ஏடுகளைச் சேர்த்தது. செல்லரித்துக்கொண்டிருந்த கட்டைத் தாத்தாவே எடுத்துக் கொடுத்தாராம். புதுச்சேரியில் அப்படிச் சேர்ந்த சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றியது. ரௌரவம், அஜிதம் முதலான ஆகமங்களை அறிஞர் என்.ஆர். பட், ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதங்களோடு பதிப்பித்ததும் அங்கிருந்துதான். யோகம் தேடி வந்தவர்களைவிட, இந்தப் பூசையை எந்த முறையில் செய்வது என்று எழுதியிருந்த ஓலையைத் தூசி தட்டி எடுத்துவைத்தவர்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

ரௌரவ ஆகமத்தின் அச்சுப் பிரதி ஒன்று தம்மிடம் இருப்பதாகச் சொன்னார் குருக்கள். “முன்னுரை பிரெஞ்சில் இருக்கிறது. அதை அப்படியே தள்ளிவிட்டு மூலத்துக்குப் போய்விடுவேன்” என்று சிரித்தார். அடுத்த பிரதோஷத்துக்கு வந்தால் வில்வம் கொண்டுவரச் சொன்னார். கடையில் வாங்கியது வேண்டாமாம், வீட்டு மரத்து இலைதான் வேண்டுமாம்.