மாசத்துல முதல் ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்ககிரியில் ஒரு டீக்கடை வேப்ப மரத்தடியில் நாங்கள் கூடுவோம். ஆரம்பித்தபோது பதினொரு பேர். இப்போது ஐந்து பேர். எல்லாரும் ஒரே கம்பெனியில் லாரி ஓட்டியவர்கள். கம்பெனியை 1999-ல் மூடிவிட்டார்கள். வண்டிகள் போன இடம் தெரியவில்லை, ஷெட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது.

உட்காருவதற்கே எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஐந்து பேருக்குமே இடது காது மந்தம். நாங்கள் ஓட்டிய பழைய லேலண்ட் காமெட்டில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்கு இடது கைப்பக்கம் பானெட்டுக்கு அடியில் இருக்கும். இருபது முப்பது வருஷம் அந்தச் சத்தத்தை ஒட்டியே உட்கார்ந்தவர்கள். அதனால் பேசுகிற ஆள் வலது பக்கம் வருகிற மாதிரி ஒவ்வொருவரும் பெஞ்சில் திரும்பித் திரும்பி உட்காருவோம். யாருக்கு இடம் வாய்க்கவில்லையோ அவருக்காக மற்றவர்கள் சத்தம் கூட்டிப் பேசுவோம். இன்னொன்று, வலது கை. முழங்கையைக் கதவு மேல் வைத்தே ஓட்டியதில் அந்தக் கை மட்டும் வெயிலில் கருத்துப் போயிருக்கும். வண்டியை விட்டு இறங்கி ஒன்பது வருஷமாகிறது, என் இரண்டு கையும் இன்னும் ஒரு நிறத்துக்கு வரவில்லை.

நான் 1976-ல் கிளீனராகச் சேர்ந்தேன். பதினாறு வயது. அப்பா கூட்டிக்கொண்டு போய் ஷெட்டில் விட்டார். அங்கே இருந்த பெரிய டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கையக் காட்டு கண்ணு" என்றார். காட்டினேன். "பேனா புடிச்ச கை. ரெண்டு மாசத்துல காய்ப்பு காச்சிரும், அதுக்கப்பறம் வலிக்காது" என்றார். அவர் ராசிபுரத்துக்காரர். கடைசி வரைக்கும் எனக்கு அவர் அண்ணன்தான்.

எங்கள் கம்பெனிக்குப் பெரும்பாலும் ஜவ்வரிசி லோடு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஏற்றினால் பம்பாயில்தான் இறக்கம். கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தில் விரத நாள் வந்தால் வீட்டுக்கு வீடு ஜவ்வரிசிக் கிச்சடி செய்வார்கள். ஆஷாட ஏகாதசி அவர்களுக்குப் பெரிய விரதம். அது வருவது ஜூன் கடைசி, ஜூலையில். அதாவது மலைப்பாதை முழுக்க மழை கொட்டுகிற நேரத்தில்தான் சரக்குக்கு அங்கே கிராக்கி. ஜவ்வரிசியோ ஒரு சொட்டுத் தண்ணீர் தாங்காது. நனைந்த மூட்டை உப்பி, உள்ளே பசையாக ஒட்டிக்கொள்ளும். வியாபாரி மூட்டையைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் எங்கள் வேலையில் பாதி ஓட்டுவது, பாதி கட்டுவது. கட்டுவது கிளீனர் வேலை. மூட்டைக்கு 90 கிலோ, நூறு மூட்டை, 9 டன். பாடியின் தரையில் பழைய தார்ப்பாய் விரித்து, அடுக்கி முடித்ததும் மேலே இரண்டு தார்ப்பாய், முன்பக்கத்துத் தார்ப்பாய் மேலே வருகிற மாதிரி. காற்று முன்னாலிருந்து அடிக்கும், மடிப்பு மாறிப் போட்டால் மழைத் தண்ணீரை உள்ளே வாரிக் கொண்டுபோய் விடும். பிறகு கயிறு. ஒரு பக்கத்துக் கொக்கியில் மாட்டி, மேலே வீசி, அடுத்த பக்கம் போய்ப் பிடித்து, சுருக்கு ஒன்று போட்டு, கொக்கியில் கயிறை வளைத்து அந்தச் சுருக்குக்குள் விட்டு, ஒரு காலைப் பாடியில் முட்டுக் கொடுத்து முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். இழுத்ததை நழுவ விடாமல் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே முடிச்சுப் போட வேண்டும். அந்த ஒரு நொடியில் விரல் நழுவினால் மொத்தமும் முதலிலிருந்து.

முடித்ததும் அண்ணன் வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு கயிறையும் சுண்டுவார். டங் என்று சத்தம் வந்தால் அடுத்த கயிறு. தொப் என்றால், "அவுறு தம்பி" என்பார். திட்ட மாட்டார். ராத்திரி பதினொரு மணி ஆனாலும் அவிழ்த்துத்தான் கட்ட வேண்டும். ஓசூர் போவதற்குள் மூட்டைகள் அமுங்கிக் கயிறு தளர்ந்திருக்கும், அங்கே ஒரு தடவை இறுக்கம். மழையில் நனைந்த கயிறு இறுகும், வெயிலில் காய்ந்ததும் தொளதொளக்கும். ஆகவே மழை நின்ற பிறகுதான் கயிறைப் பார்க்க வேண்டும் என்பதை அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். இதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

போகிற வழி இன்றும் மனப்பாடம். ஜூஜூவாடி செக்போஸ்ட், பெங்களூர், தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சத்தாரா. சத்தாராவுக்கு அப்புறம் கம்பட்கி மலை. லோடு வண்டி முதல் கியரில் நடக்கிற வேகத்துக்கு ஏறும். கிளீனர் கீழே குதித்து, முட்டுக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தோடு கூடவே ஏற வேண்டும். வண்டி நின்று பின்னால் உருண்டால் அந்த நிமிஷம் கட்டையைப் போட வேண்டியவன் அவன்தான். மழையில், இருட்டில், புகைக்கு நடுவே நான் அப்படி நடந்த ராத்திரிகள் எத்தனை என்று எண்ணவில்லை. பாடியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம். அண்ணன் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பதினாறு வயதுப் பையனின் தட்டை நம்பி 9 டன் சரக்கோடு மலை ஏறினார். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1982-ல் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். அன்று அண்ணன் சொன்னது இது ஒன்றுதான்: "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்ல எறங்கு சாமி."

மகள் பிறந்தது எனக்குப் பம்பாய் புக்கிங் ஆபீசில் வந்து கிடந்த போஸ்ட் கார்டில்தான் தெரியும், பதினொரு நாள் கழித்து. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1991 டிசம்பர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்களை அடித்தார்கள், வீடு கடைகளைக் கொளுத்தினார்கள். நான் அப்போது வெங்காய லோடோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன், தும்கூருக்கு முன்னால். எதிரே வந்த ஆந்திரா வண்டிக்காரர் ஹெட்லைட்டை அடித்து நிறுத்தி, போகாதே என்று கையைக் காட்டினார். என் கிளீனர் தளி பக்கத்துப் பையன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன். "நீங்க எறங்காதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு இருட்டில் இறங்கிப் போனான். கால் மணி நேரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் மேலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கன்னடக்காரர். வண்டியைப் பங்குக்குப் பின்னால் விடச் சொன்னார், நம்பர் பிளேட்டில் சாக்கைக் கட்டினார். மூன்று நாள் அவர் வீட்டுக் களியும் சாறும் சாப்பிட்டோம். யாராவது வந்து கேட்டால், வண்டி ரிப்பேர், ஆள் ஊருக்குப் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் கிளம்பும்போது நான் காசு நீட்டினேன். என் கையை மூடி விட்டார். அடுத்த ஏழெட்டு வருஷம் அந்த வழியில் போன எங்கள் கம்பெனி வண்டி ஒவ்வொன்றும் அந்த பங்கில்தான் டீசல் போட்டது.

டீசல் என்றதும் தொப்பூர் மலைப்பாதைப் பேச்சு வந்துவிடும். போன ஞாயிறும் வந்தது.

எங்கள் கம்பெனியில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கணக்கு. குறைந்தால் டிரைவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். மலை, மழை, செக்போஸ்ட்டில் காத்திருந்தது எதுவும் கணக்கில் வராது. அதனால் இறக்கம் கண்டால் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பார்கள் சிலர். தொப்பூர் இறக்கம் தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி வரும்போது. வீடு பக்கம் வந்துவிட்டோம் என்கிற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடிமானம் இல்லை, முழுப் பாரமும் பிரேக் மேல். டிரம் சூடேறி லைனிங் பிடிக்காமல் போகும். அந்த வேகத்தில் கியருக்குத் திரும்பலாம் என்றால் கியர் விழாது.

1988-ல் எங்கள் வண்டி ஒன்று அப்படிப் போனது. நாசிக் வெங்காயம். ஓட்டியவருக்கு என் வயதுதான், முந்தின மாதம் டீசல் கணக்கில் சம்பளம் பிடித்திருந்தார்கள். அவர் அங்கேயே போய்விட்டார். கிளீனர் பிழைத்தான். தருமபுரி ஆஸ்பத்திரியில் அண்ணனும் நானும் அவனைப் பார்த்தோம். தோள்பட்டையில் கட்டு. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கியர் உழுகலடான்னாரு. கட்டய எடுத்துட்டு எறங்கட்டுமான்னேன். வேண்டாம், நீ குதிச்சிருன்னாரு. நான் குதிச்சுட்டண்ணா."

குதிச்சுட்டண்ணா, குதிச்சுட்டண்ணா என்று அதையே சொன்னான்.

டிரைவர் குடும்பத்துக்கு ஏதோ கொஞ்சம் பணம் போனது. கிளீனருக்கு ஒன்றும் இல்லை. அவன் பெயர் கம்பெனி நோட்டில் எங்கேயும் கிடையாது. டிரைவர் தன் பேட்டாவில் கொடுக்கிற பங்குதான் கிளீனருக்குச் சம்பளம், ஆகவே அவன் எங்கள் ஆளே இல்லை என்றார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-லேயே ஒன்று வந்திருந்தது, அதன்படி கிளீனரும் தொழிலாளியாகத்தான் இருந்தான், நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று வேலையை விட்ட பிறகு என் பேரன் போனில் படித்துக் காட்டினான். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்போம். தெரியாமல் போனது இன்றும் எனக்கு ஆறவில்லை. சாப்பாடு, சாலை, செக்போஸ்ட், எந்த தாபாவில் பருப்பு நன்றாக இருக்கும் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். டிரைவர்கள் டிரைவர்களைப் பற்றியே பேசிக்கொள்கிறோம். கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவன் பேச்சு அடிக்கடி வருவதில்லை.

அந்தப் பையனுக்காகப் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டோம். எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் முந்தின நாளே எழுந்து போய்விட்டான் என்றார்கள். ஆத்தூர் பக்கம் அக்கா வீடு என்று மட்டும் தெரியும். அண்ணன் இரண்டு தடவை போய்த் தேடினார். நான் ஒரு தடவை போனேன். அக்கா குடும்பம் வேலை தேடி வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். வேறு கம்பெனி வண்டியிலும் அவனை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் 2019-ல் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அண்ணி கூப்பிட்டு அவருடைய லைசென்ஸ் உறையைக் கொடுத்தார். "இதுக்குள்ள இருக்கறத உங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னாருங்க தம்பி." லைசென்சுக்குப் பின்னால் மடித்த வெள்ளைத் தாள், அதற்குள் பன்னிரண்டு ஐம்பது ரூபாய் நோட்டுகள். காந்தி படம் வருவதற்கு முந்தின, சிங்கத் தலை போட்ட நோட்டுகள். அன்று நாங்கள் கொடுத்த அதே நோட்டுகள். தாளில் அண்ணன் கையெழுத்தில் பையன் பேரும், "தொப்பூர்" என்றும் எழுதியிருந்தது.

அவனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். ஆத்தூர் பக்கம், 1988-ல் தொப்பூரில் லாரியிலிருந்து குதித்த ஆள் உங்கள் சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவர் குதித்ததில் ஒரு தப்பும் இல்லை என்று நாங்கள் ஐந்து பேரும் சொன்னதாகச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு மாதம், முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். உறையை எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் போகிறேன்.