குளிர்க் கடலின் மீன் ஏன் வேகமாக வளர்கிறது?

அட்லாண்டிக் சில்வர்சைட் என்று ஒரு சின்ன மீன். விரல் நீளம்தான் இருக்கும், பக்கவாட்டில் வெள்ளிக் கோடு. கனடாவிலிருந்து புளோரிடா வரை வட அமெரிக்காவின் கிழக்குக் கரை முழுக்க உண்டு. பெரும்பாலும் ஒரே வருட ஆயுள்.

வடக்கே தண்ணீர் குளிர், கோடையும் குறைவு. அப்படியென்றால் அங்குள்ள மீன் மெதுவாகத்தானே வளர வேண்டும்? டேவிட் கோனோவர் என்ற ஆய்வாளர் இரு பக்கத்து மீன்களையும் ஒரே வெப்பநிலையில், வேண்டிய அளவு தீனி போட்டு வளர்த்தார். வடக்கு மீன்கள்தான் முந்தின! குறுகிய கோடைக்குள் வளர்ந்து முடிக்கும் அவசரம் அவற்றின் மரபணுவிலேயே இருக்கிறது.

சரி, தெற்கு மீன்களும் ஏன் அப்படி வளரவில்லை? அதற்கு ஒரு விலை உண்டு. வயிறு நிறையத் தின்று வேகமாக வளரும் மீன் நீச்சலில் பின்தங்குகிறது, வேட்டையாடும் மீன்களிடம் எளிதில் மாட்டுகிறது.

எனக்குப் பெரிய அதிர்ச்சி 2002-இல் அவரும் ஸ்டீபன் மன்ச்சும் வெளியிட்ட சோதனைதான். சில தொட்டிகளில் தலைமுறைதோறும் மொத்த மீன்களில் பெரியவையாகப் பார்த்து 90 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள், வேறு சிலவற்றில் சிறியவையாகப் பார்த்து 90 சதவீதத்தை. நான்கே தலைமுறையில், பெரியவற்றை இழந்த கூட்டத்தின் சராசரி எடை மற்றதில் கிட்டத்தட்டப் பாதி.

‘சின்னதை விடு, பெரியதைப் பிடி’ என்பதுதான் பல நாடுகளில் மீன்பிடிச் சட்டம். அதை எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் படிக்க வேண்டும்.